ஏரி வரை ஒரு நேர்கோடு

காபி நன்றாகவே இருக்கிறது, ரௌனி. காவல் நிலையத்துக் காபி கழுநீர் மாதிரி இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டதை இவ்வளவு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்து எதிர்காலத் திட்டக் கூட்டங்களில் பதினொரு வருடம் காபி குடித்தவனுக்கு இது விருந்து. ஏலக்காய் பன் வேறு வைத்திருக்கிறீர்கள். விசாரணை அதிகாரியானாலும் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றீர்கள், அதற்கும் நன்றி. வாயால் சொல்வதைவிட எழுதித் தருவது எனக்குப் பழக்கம் என்றதும் தாளும் பேனாவும் வந்துவிட்டன. எங்கள் அலுவலகத்தில் இதற்கே இரண்டு விண்ணப்பம் போட வேண்டும்.

பெயர் ஓஸ்மோ கெத்துலா. வயது அறுபத்தொன்று. ஹர்யவேசி பல்கலைக்கழகத்தின் வளாகத் திட்ட அதிகாரி. எந்தக் கட்டடம் எங்கே வர வேண்டும், எது எப்போது போக வேண்டும், யாருக்கு எந்த அறை என்று முடிவு செய்வது என் வேலை. முடிவு செய்வது என்று எழுதியது தவறு. எங்கள் நாட்டில் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. குழு அமைக்கிறோம். கருத்துக் கேட்கிறோம். மஞ்சள் காகிதத் துண்டுகளில் ஆசைகளை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்கிறோம். அதைப் படம் எடுத்துக்கொள்கிறோம். பிறகு நான் என் அறைக்குப் போய், முன்பே வரைந்து வைத்திருந்ததை மறுபடியும் வரைகிறேன்.

அப்படி வரைந்ததுதான் 'வளாகம் 2060'. படங்களைப் பார்த்திருப்பீர்கள், நூலக வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறோம். வருடத்தில் ஐந்து மாதம் பனி கொட்டும் ஊர் இது. படத்தில் எல்லோரும் அரைக்கைச் சட்டையோடு நடக்கிறார்கள். ஒரு சிறுமி சிவப்பு பலூன் வைத்திருக்கிறாள். பல்கலைக்கழகத்துக்குள் பலூனோடு அவள் எதற்கு வந்தாள் என்று பதினொரு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் பார்த்தது வாசலிலிருந்து ஏரி வரை போகும் அந்த நேர்கோட்டைத்தான். முதன்மை வாசலில் நின்றால் அறுநூற்று நாற்பது மீட்டருக்கு அப்பால் ஏரி தெரியும். நடுவில் மரமும் புல்லும் தவிர எதுவும் இருக்காது. அந்தக் கோட்டை நான் நேசித்தேன். இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

கோட்டின் நடுவில் பழைய மொழியியல் கட்டடம் நின்றது. செங்கல், மூன்று மாடி, 1954இல் கட்டியது. நகரத் திட்டத்தில் பாதுகாக்கப்பட்ட கட்டடம். வடிவமைத்தவர் செத்து நாற்பது வருடமாகிறது, ஆனாலும் அவருடைய ஒரு செங்கல்லைத் தொட நகர மன்றத்தைக் கேட்க வேண்டும். கேட்டேன். ஆறு வருடம் மனு மேல் மனு போட்டேன். 'ஏரி தெரிய வேண்டும் என்பது இடிப்பதற்கான காரணம் ஆகாது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எழுதியவர் எந்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதினாரோ தெரியாது.

பாதுகாப்பை நீக்க ஒரே ஒரு வழி உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். எங்கள் நாட்டில் கட்டடத்தை வீழ்த்த வெடிமருந்து வேண்டாம். 'உள்ளே காற்று சரியில்லை' என்று யாராவது மெல்லிய குரலில் சொன்னால் போதும். எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை மருத்துவமனைகள் அந்த ஒரு வாக்கியத்தால் மண்ணோடு போயிருக்கின்றன. உங்கள் பழைய காவல் நிலையமும் அப்படித்தானே போனது. சுவருக்குள் ஈரம், ஈரத்தில் பூஞ்சை, பூஞ்சையால் இருமல், இருமலுக்கு ஒரு குழு, குழுவின் முடிவில் புல்டோசர்.

ஆனால் மொழியியல் கட்டடத்தின் காற்று சுத்தமாக இருந்தது. அந்தக் காலத்துக் கொத்தனார்கள் சுவர் மூச்சுவிட வழி வைத்துக் கட்டியிருந்தார்கள். மூன்று முறை அளந்து பார்த்தேன். மூன்று முறையும் அது என் புதிய அலுவலகத்தின் காற்றைவிட மேலாக இருந்தது. அவமானமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அதனால் ஜூலை மாதத்தைப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஜூலையில் இங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரே கோடை வீட்டுக்குக் கிளம்பிவிடும். பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரைத் தேடினால் ஏதோ ஒரு ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருப்பார். வளாகத்தில் கடல்காகங்கள்தான் துறைத்தலைவர்கள். எனக்குக் கோடை வீடு பிடிக்காது. மனைவி மட்டும் போவாள். கட்டடத்தின் தெற்குச் சுவர் ஓரம் ரோஜாச் செடிகள் இருந்தன. அதற்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், செங்கல் இடுக்கில் சுண்ணாம்பைத் துளைத்து இரண்டு ஓட்டை போட்டேன். தோட்டக் குழாயை உள்ளே செருகிவிட்டு, ஒரு மணி நேரம் நின்றேன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், ஜூலை முழுக்க. அப்படி ஐந்து ஜூலை. ரோஜாக்களுக்கும் கொஞ்சம் விட்டேன், பாவம், அவை என்ன செய்யும். சைக்கிளில் போகிறவர்கள் கையசைத்தார்கள், நானும் அசைத்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனைச் சந்தேகப்படும் ஆள் இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

ஒரே ஒருவர் வாய் திறந்தார். கட்டடப் பராமரிப்பாளர் வெலி. இரண்டாவது ஜூலையில் அவர் விடுமுறை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே வந்துவிட்டார்.

"என்ன பிளான்காரரே, ஊரே ஏரியில குளிக்குது, நீ இங்க சுவரைக் குளிப்பாட்டுறியா?"

"செடி காயுது, வெலி."

"காயுதா? வேரு அழுகிப் போயிடும்யா. மீட்டர் பேய் பிடிச்ச மாதிரி ஓடுது. ஆளே இல்லாத கட்டடம், ஒரு நீச்சல் குளத்துக்கு ஆவுற தண்ணி."

"ரோஜாவுக்குத் தாகம் அதிகம்."

"ரோஜாவுக்கா... எழுதி வச்சுக்கறேன், எழுதி வச்சுக்கறேன்."

உண்மையிலேயே எழுதி வைத்துக்கொண்டார். அவருடைய குறிப்பேடு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. பிறகு உள்காற்றுக் குழு அமைந்தபோது அவரை அதில் சேர்க்க நான் மறந்துவிட்டேன். ஏரி வாத்துகளின் நலனுக்குக்கூட ஒரு பிரதிநிதி இருந்தார், தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் மட்டும் இல்லை. அதை யாரும் குறையாகவே நினைக்கவில்லை.

சுவர் நன்றாக ஊறியது. இரண்டே வருடத்தில் தரைத்தள அறையில் மண்வாசனை வந்தது. நகராட்சி சுகாதாரப் பிரிவுக்கு எழுதினேன். அவர்கள் பதில் நியாயமானது: மொழியியல் துறைதான் புதிய கட்டடத்துக்குப் போய்விட்டதே, உள்ளே யாரும் உட்காரவில்லை, யாருக்கும் உடம்பு கெடவில்லை, கதவைப் பூட்டி வையுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. அப்போதுதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. காற்று கெட்டால் போதாது. அதைச் சுவாசிக்க ஒருவர் வேண்டும்.

இட ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மூன்று பேர் அறை கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். இருவர் இளைஞர்கள், பனிச்சறுக்கு ஓடுகிறவர்கள், பாறை மாதிரி நெஞ்சு. மூன்றாமவர் தைமி கோர்வெலா. வயது ஐம்பத்தெட்டு. இடப்பெயர்க் காப்பகத்தின் ஒரே ஊழியர். இந்த மாகாணத்தில் இருக்கும் ஒவ்வொரு வயலுக்கும் சதுப்புக்கும் பாறைக்கும் ஊர்க்காரர்கள் என்ன பெயர் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று அட்டைகளில் எழுதி அடுக்குவது அவர் வேலை. நான்கு லட்சம் அட்டைகள். அவற்றோடு இருபத்தாறு வருடமாக நூலகத்தின் அடித்தளத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சமுள்ள அறை வேண்டும் என்று வருடா வருடம் ஒரு பக்கத்தில் பணிவாக மனு எழுதுவார்.

ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பன்றித் தொடைக்கறி பரிமாறும்போது நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஓஸ்மோ. மெழுகுவர்த்திப் புகை ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே மூச்சிழுப்பு."

நான் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன். அவர் சொன்னதை மறக்கவில்லை. திட்டம் போடுகிறவனுக்கு ஞாபகம்தான் மூலதனம்.

சாவியைக் கொடுத்த நாளை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் கேட்டதால். அறை எண் 114. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார், காலணியைக் கழற்றலாமா என்று யோசிக்கிற மாதிரி.

"ஏரி தெரியுதே."

"ஆமா, நல்லாத் தெரியும்."

"கீழ ரோஜா வேற. எனக்கு எதுக்குங்க இவ்ளோ நல்ல ரூம்? பேராசிரியருங்க யாராச்சும் கேப்பாங்க."

"கேட்டாங்க. தைமிக்குத்தான்னு சொல்லிட்டேன்."

மறுநாள் நீலக்கனி கேக் ஒன்று சுட்டுக்கொண்டு வந்தார். நன்றாக இருந்தது, இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

முதல் குளிர்காலத்தில் இருமல் வந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் படியேறும்போது நின்று நின்று ஏறினார். பணியாளர் மருத்துவர் அவருக்கு மன அழுத்தம் என்றார், வயது என்றார், கொஞ்சம் நடங்கள் என்றார். தைமி புகார் கொடுக்கவில்லை. இங்கேதான் எங்கள் ஜனங்களை நான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். ஒருவர் இருமினால் உடனே ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். வடக்கே சதுப்பு நிலத்தில் வளர்ந்த பெண் எதற்கும் வாய் திறக்க மாட்டார் என்பதை மறந்துவிட்டேன். நான்தான் அவரை வற்புறுத்திப் புகார்ப் படிவம் நிரப்ப வைத்தேன்.

"ஒருத்தி இருமுறதுக்கு ஒரு கமிட்டியா? ஐயோ, வேணாங்க. சனங்க சிரிக்கப் போறாங்க."

"உங்க உரிமை தைமி. இங்க, மூச்சுத்திணறல்னு இருக்கு பாருங்க, அதுல டிக் போடுங்க."

"அடிக்கடின்னு போடவா, எப்போதாவதுன்னு போடவா?"

"அடிக்கடின்னு போடுங்க."

உள்காற்றுக் குழுவுக்கு நான் தலைவரானேன், வேறு யாரும் முன்வரவில்லை. ஒன்பது முறை கூடினோம். மாதிரி எடுக்க ஒரு பெட்டி வைப்பதா இரண்டு வைப்பதா என்பதற்கே மூன்று கூட்டம் போனது. நான் இழுத்தடித்தேன் என்று சொன்னால் என் சக உறுப்பினர்களின் உழைப்பைத் திருடியதாகிவிடும். நான்காவது கூட்டத்தில் ரெக்டர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் அவங்கள வேற ரூமுக்கு மாத்திடலாமே?"

"மாத்தலாம். ஆனா ஆள் இல்லாத ரூம அளந்தா அந்த ரிசல்ட்டுக்கு மதிப்பு கிடையாது. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

முதலிலிருந்து என்றதும் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கூட்டக் குறிப்பில் இருக்கிறது, பக்கம் மூன்று. கையெழுத்து போட்டவர்கள் ஏழு பேர்.

போன வருடம், ஐந்தாவது ஜூலை. தைமிக்குக் கோடை வீடு கிடையாது என்பது எனக்குத் தெரியாது. தலைக்கு மேல் ஜன்னல் திறந்தது.

"ஓஸ்மோ, நீங்களா? லீவுல கூடவா?"

குழாயின் முனை சுவருக்குள் இருந்தது. காலை நகர்த்தி மறைத்தேன்.

"செடி காயுதேன்னு வந்தேன்."

"போன வருஷமும் ஊத்துனீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். சொல்லல." இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "எல்லாரும் இந்தக் கட்டடத்த இடிக்கணுங்கறாங்களாம். இதும் மேல அக்கறை உள்ள ஆளு நீங்க ஒருத்தர்தான். நில்லுங்க, காபி கொண்டாறேன்."

காபியை ஜன்னல் விளிம்பில் வைத்துக் குடித்தோம். ஈர மண் வாசனை பிடிக்கும் என்று அவர் ஜன்னலை மூடவே இல்லை. எனக்கு அன்று கஷ்டமாக இருந்தது, ரௌனி. இரண்டு நாள் தண்ணீர் விடவில்லை. மூன்றாம் நாள் வாசலில் நின்று பார்த்தேன், அந்தக் கட்டடம் ஏரியை மறைத்துக்கொண்டு நின்றது. குழாயை எடுத்தேன்.

இந்த வருடம் மார்ச் நான்காம் தேதி ஆய்வறிக்கை வந்தது. என் பெயருக்கு, ஒரே பிரதி. தடித்த எழுத்தில் முதல் வரி: இன்றிலிருந்து அறை 114இல் யாரும் உட்காரக் கூடாது. அதற்குக் கீழே இருந்ததுதான் என்னை உலுக்கியது. ஈரம் ஒரே சுவரில் மட்டும். தண்ணீர் வெளியிலிருந்து, முழங்கால் உயரத்தில், ஒரே இடத்தில் இறங்குகிறது. அதை நிறுத்திச் சுவரை உலர்த்தினால் நான்கு மாதத்தில் சரியாகிவிடும். மற்றபடி கட்டடம் இன்னும் நூறு வருடம் நிற்கும்.

கட்டடத்தின் பாதுகாப்பை நீக்குவது பற்றி நகர மன்றத்தில் வாக்கெடுப்பு மே பன்னிரண்டு. அறிக்கை வெளியே போனால் சுவரைப் பழுது பார்ப்பார்கள். தைமி மாடியில் வேறு அறைக்குப் போவார், பிழைத்துக்கொள்வார். கட்டடமும் பிழைத்துக்கொள்ளும். அறிக்கையைக் கிழிக்கவில்லை. அரசு ஆவணத்தைக் கிழிக்கும் ஆள் நான் இல்லை. தேதி எழுதி, உறையில் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். டியூலிப் பூ வாங்கிக்கொண்டு போனேன். மூக்கில் குழாயோடு இருந்தார். நடைபாதையில் இளம் டாக்டர் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் குழுவோட தலைவர் நீங்கதானே? ரூம்ல சோதனை பண்ணீங்களாமே, ரிசல்ட் வந்துச்சா? என்ன பூஞ்சைன்னு தெரிஞ்சா மருந்து மாத்தலாம். அவங்க நாளைக்கே திரும்ப வேலைக்குப் போறேங்கறாங்க, போகலாமா கூடாதான்னும் சொல்ல முடியும். என் கையில ஒண்ணுமில்லாம எப்படிங்க நிறுத்தறது?"

"இன்னும் வரல."

அறிக்கை அப்போது எங்கே இருந்தது என்று நேற்று நான்கு முறை கேட்டீர்கள். என் தோளில் தொங்கிய பையில் இருந்தது. டியூலிப் காம்பிலிருந்து தண்ணீர் சொட்டி உறையின் ஓரம் கொஞ்சம் நனைந்திருந்தது.

ஏப்ரல் நடுவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே தைமி என்னைக் கூப்பிட்டார்.

"நான் திரும்ப அந்த ரூமுக்குப் போகலாமா ஓஸ்மோ? வேற யாருக்கும் குடுத்துடலையே?"

"உங்களுக்குன்னு அப்படியே வச்சிருக்கேன்."

போனார். மே ஆறாம் தேதி காலை வெலி அந்த அறையில் அவரைப் பார்த்தார். மேசையில் தலை சாய்ந்திருந்தது, ஜன்னல் பாதி திறந்திருந்தது. மூச்சுக்காகத் திறக்கப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டாம் தேதி நகர மன்றம் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தது. பிறகு உட்கார்ந்து, ஒருமனதாகப் பாதுகாப்பை நீக்கியது. ஆறு வருட மனுக்கள் செய்யாததை அந்த ஒரு நிமிடம் செய்தது. ஆகஸ்டில் கட்டடத்தை இடித்தார்கள். நேற்று உங்கள் வண்டியில் வாசலைக் கடந்தபோது திரும்பிப் பார்த்தேன். ஏரி தெரிகிறது. நான் வரைந்த அளவுக்கு நீலமாக இல்லை, ஆனாலும் தெரிகிறது.

ஆகவே நேராக எழுதிவிடுகிறேன். சுவரை நனைத்தவன் நான். யாருக்கு மூச்சு சீக்கிரம் திணறும் என்று பார்த்து அவரை அங்கே உட்கார வைத்தவன் நான். அறிக்கையை ஒன்பது வாரம் சுமந்துகொண்டு, இன்னும் வரவில்லை என்று சொன்னவன் நான். தைமி கோர்வெலாவைக் கொன்றது நான் என்று நீங்கள் சுருக்கமாக எழுதியிருப்பதை மறுக்கவில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. காப்பகத்தை வேறு இடத்துக்கு மாற்றும்போது தைமியின் மேசையில் கிடைத்ததாக, போன வாரம் என் அலுவலகத்துக்கு வந்தபோது ஓர் அட்டையைக் காட்டினீர்கள். அவர் கடைசியாக எழுதிய இடப்பெயர் அட்டை. என் கண் நிறைந்துவிட்டது, நீங்களும் பார்த்தீர்கள். அவர் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 'ஓஸ்மோ தோட்டம். பழைய மொழியியல் கட்டடத்தின் தெற்குச் சுவர் ஓரம். பெயர்க் காரணம்: ஓஸ்மோ கெத்துலா என்பவர் தன் விடுமுறையைக்கூடப் பாராமல் ஜூலை மாதம் முழுவதும், காலையிலும் மாலையிலும், இங்குள்ள ரோஜாக்களுக்குத் தண்ணீர் ஊற்றுவார். இரண்டு ஜூலையாக நேரில் கண்டது.' கீழே தேதி, அவர் கையொப்பம்.

அதைச் சாட்சிப் பொருள் எண் ஒன்று என்று போட்டிருக்கிறீர்கள். வெலியின் மீட்டர் குறிப்பை அப்படிப் போட்டால் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்தில் என்னைப் பற்றி ஒருவர் மனதார நல்லது எழுதிய ஒரே காகிதம் அதுதான், ரௌனி. வழக்கு முடிந்ததும் அதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'வளாகம் 2060' வரைபடத்தில் அந்தப் பெயரை ஏற்கெனவே சேர்த்துவிட்டேன்.